முன்கூட்டிச் சொன்ன வளைவு

ஜெயந்திரன் அரைவேக்காட்டு முட்டையைச் சாஸரோடு தூக்கி வாய் வைத்து உறிஞ்சினான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடையில் காலை நேரத்து இரைச்சல் கொஞ்சமில்லை. இருந்தும் அந்த உறிஞ்சல் மட்டும் லோகேஸ்வரியின் காதில் தனியாக வந்து விழுந்தது. வேகாத வெள்ளைக்கரு சளி போல நீண்டு, அவன் உதட்டுக்கும் சாஸருக்கும் நடுவே ஊசலாடி அறுந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, அதே கையால் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"படி லோகா. கடைசி வரி. அத மட்டும் படி."

ஆங்கிலத்தில் இருந்தது. புரதம் மடியும்போது பாதி வழியில் ஓரிடத்தில் தங்கிப் போகும் என்பதை எங்கள் கணினி மாதிரி, அதாவது மாடல், முன்கூட்டியே சொன்னது, அதன்பின் செய்த சோதனை அதை உறுதி செய்தது என்று எழுதியிருந்தான். மேலே பெயர்கள். அவள் பெயர் முதலில். அவள் பெயரோடு வெளிவரப்போகும் முதல் ஆய்வுக் கட்டுரை அது.

"அண்ணே, நான் அளவு அனுப்புனதுக்கு அப்பறம்தானே நீங்க அந்த வளைவக் காட்டுனீங்க?"

"மாடல் அதுக்கு முன்னாடியே என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு லா. நான்தான் சரியா பாக்கல."

"அப்ப அது முன்கூட்டியே சொன்னதா ஆகுமா?"

"சாப்புடு, ரொட்டி ஆறுது."

அவளால் சாப்பிட முடியவில்லை. சாஸரின் அடியில் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புச் சோயாச் சாறும் கலந்து கிடந்தன. அதை விரலால் வழித்து நக்கிவிட்டுத்தான் அவன் எழுந்தான்.

இருவரும் வேலை செய்தது ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே புரதத்தின் மேல். புரதம் என்பது மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. தண்ணீரில் விட்டால் தானாகவே மடிந்து ஓர் உருவம் எடுக்கும். எத்தனை முறை குலைத்துவிட்டாலும் அதே உருவத்துக்குத் திரும்பும். கடைத்தெருவில் ஒரு முழம் மல்லிகைச் சரத்தைத் தூக்கிப் போட, ஒவ்வொரு முறையும் அது ஒரே முடிச்சாகப் போய் விழுந்தால் எப்படி இருக்கும்? முதல் முறை இதைக் கேள்விப்பட்டபோது லோகேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை நம்பித்தான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகு கிடைத்ததெல்லாம் நாற்றம். பாக்டீரியாவை வளர்த்து, நசுக்கி, அதன் குழம்பிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குச் சேர்க்கும் மருந்தொன்றில் அழுகிய முட்டையின் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியை விட்டுப் போகாது. கொமுட்டர் ரயிலில் அவள் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்கள் ஷா ஆலாம் வருவதற்குள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டே எழுந்தாள். லோகேஸ்வரி சன்னலைப் பார்த்தபடி, தனக்கும் அந்த வாடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஜெயந்திரனுக்கு நாற்றம் கிடையாது. டாக்டர் பட்டம் வாங்கியவன். அவன் சங்கிலி கணினிக்குள் இருந்தது. எந்த மணி எந்த மணியை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எண்கள் கொடுத்து ஓடவிடுவான். அது மடிவதைத் திரையில் படமாகப் பார்ப்பான். அவள் நிஜப் புரதத்தை யூரியாவில் ஊறப்போட்டு நீட்டிவிடுவாள். பிறகு அதைக் கருவிக்குள் தண்ணீரோடு கண நேரத்தில் மோதவிடுவாள். யூரியா நீர்த்ததும் புரதம் மடியத் தொடங்கும். மடிய மடிய அதன் மெல்லிய ஒளி மாறும். அந்த ஒளி ஒரு வளைவாகப் பதிவாகும். இரண்டு வளைவும் ஒத்துப்போனால் மாதிரி சரி. தீபாவளிக்குப் பிறகு அவள் எடுத்த வளைவில், நடுவே ஒரு தயக்கம் தெரிந்தது. விறுவிறுவென்று இறங்கி, பிறகு இழுத்து இழுத்து முடிந்தது. அந்தத் தயக்கத்தைத்தான் தங்கல் என்றார்கள். டிசம்பரில் சிங்கப்பூர் கருத்தரங்க மேடையில் ஜெயந்திரன் அதைக் காட்டிக் கைதட்டு வாங்கி வந்தான்.

கோப்பிக் கடையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனதும், கட்டுரைக்குப் படம் இன்னும் தெளிவாக இருக்கட்டுமே என்று அவள் ஒரு முறை மறுபடி அளக்க நினைத்தாள். யூரியாக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளிருந்து, படிக்கட்டு மூலையில் யாரோ ஒன்றுக்குப் போனது போல வாடை அடித்தது.

குப்பியைத் தூரப் பிடித்து ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்து. தேதி, தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள். அன்றைக்கு அம்மா முறுக்கு மாவோடு காத்திருந்தாள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் யூரியா கரையும்வரை காத்திருக்க முடியாமல் சூட்டில் வைத்துக் கரைத்து, விடுமுறை முடிந்து வந்ததும் நேரே வேலையைத் தொடங்கலாம் என்று புரதத்தையும் அதிலேயே ஊறப்போட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. யூரியாவை அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும். சூடாக்கக் கூடாது. வைத்திருந்தால் அதிலிருந்து இன்னொரு பொருள் பிறந்து புரதத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்பட்ட சங்கிலி ஒழுங்காக மடியாது, இழுத்துப் பறித்து மடியும். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

புதிதாகக் கரைத்தாள். புதுப் புரதத்தை எடுத்தாள். அளந்தாள். தயக்கம் இல்லை. வளைவு ஒரே சறுக்கலாக இறங்கியது. மறுபடி அளந்தாள். அதே சறுக்கல். சிங்கப்பூரில் கைதட்டு வாங்கியது அவள் ஊறவைத்துக் கெடுத்த புரதம்.

ஜெயந்திரனிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நாற்காலியைச் சுழற்றியபடி கேட்டான்.

"அவ்ளோதானா? மூஞ்சப் பாத்து நான் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"தங்கலே இல்லண்ணே. நம்ம சொன்னது தப்பு."

"புது வளைவ அனுப்பு."

அனுப்பினாள். அவள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவன் கூப்பிட்டான். திரையில் அவன் மாதிரியின் வளைவு, தயக்கம் எதுவும் இல்லாமல் ஒரே சறுக்கலாக இறங்கியது. அவள் வளைவின் மேல் தோல் போல ஒட்டிப் படிந்திருந்தது.

"பாத்தியா? முன்ன விட நல்லா உக்காருது."

"இதே மாடலா?"

"இதே குடும்பம். ஒரு ரெண்டு திருகு திருப்புனேன். தங்கலும் வரும், வேணாம்னா போயிரும். அதான் அழகு."

"அந்தக் கடைசி வரி?"

"அது அப்படியே இருக்கட்டும். 'தங்கும்'ங்கறத எடுத்துட்டு 'தங்காது'ன்னு போட்டுருவோம். முன்கூட்டியே சொன்னுச்சு."

அவன் பெருமையோடுதான் சொன்னான். ஏமாற்றுகிறோம் என்ற கூச்சம் முகத்தில் எங்கேயும் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திருடனின் கண்ணிலாவது ஒரு பயம் இருக்கும்.

ஆய்வுக்கூடத்துத் தலைவி பேராசிரியர் குணபூசணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தும், தகப்பன் தாய் பேசிய பேச்சை விடாதவர். அவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு லோகேஸ்வரி வராந்தாவில் பலமுறை நடக்க வேண்டியிருந்தது.

"சொல்லு பிள்ளை. ஏன் வாசல்ல நிண்டு நடுங்குறாய்?"

யூரியாக் கதையைச் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார்.

"வடிவாப் பாத்தியா? ஒருக்கா இல்லை, ரெண்டு மூண்டு தரம்?"

"பாத்தேன் புரோஃப். தங்கல் இல்ல. அது என் தப்பு. ஆனா அந்தக் கடைசி வரி வேணாம். மாடல் எதையும் முன்னாடி சொல்லல. நான் என்ன குடுத்தாலும் அது அதையே திருப்பிச் சொல்லுது. அந்த வரிக்கு மேல என் பேரு இருக்கக் கூடாது."

"அந்த வரி இல்லாட்டி இதை எந்த நல்ல சஞ்சிகை எடுக்கும்?"

வரும் வழியில் யோசித்து வைத்திருந்த ஒரு சோதனையை அவள் சொன்னாள். அவள் வாங்கி வைத்திருக்கும் இன்னொரு புரதம். சங்கிலியில் ஒரே ஒரு மணியை மாற்றியது. அதை அவள் அளக்கட்டும். வளைவை யாருக்கும் காட்ட வேண்டாம். அது முன்னதைவிட வேகமாக மடியுமா மெதுவாக மடியுமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெயந்திரன் முதலில் சொல்லட்டும். பிறகு அவள் காட்டுவாள். மாதிரி சரியாகச் சொன்னால் அந்த வரி இருக்கட்டும், அவளும் பெயர் போடுவாள்.

பேராசிரியர் சிரித்தார். "நல்ல பிள்ளை. வாய் இல்லாத பிள்ளை எண்டெல்லோ நினைச்சன்." ஜெயந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் உடனே சரியென்றான். அவள் பக்கம் திரும்பிக் கட்டை விரலையும் உயர்த்தினான்.

அளந்து முடித்தாள். புதிய புரதம் வேகமாக மடிந்தது. விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை மாலை கிள்ளானில் இறங்கி, பஸ் பிடித்துப் பண்டமாரான் வந்தால், வீட்டு வாசலில் ஜெயந்திரனின் கார் நின்றது.

உள்ளே மேசை முன்னால் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் நண்டுக் குழம்புச் சட்டி. அம்மா வீரம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"வாடி. தம்பி எவ்ளோ நேரமா காத்துக்கிட்டிருக்காரு. லட்டெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு பாரு."

"ஆன்டி, இந்த நண்டுக்காகவே நான் வீட்ட இங்க மாத்திக்கலாம் போல."

"வாங்க, யாரு வேணாங்கறா. கண்டெய்னர் லோரி போற சத்தத்துல தூக்கம்தான் வராது. ஒறைப்பு தாங்குதா தம்பி? உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க தேங்காப்பால் ஊத்தித்தானே திம்பீங்க?"

"எங்க ஆளுங்கள விட்டுருங்க ஆன்டி. இன்னொரு கால் போடுங்க."

லோகேஸ்வரி பையைக்கூட இறக்கவில்லை. அவன் நண்டின் காலைப் பல்லால் கடித்து உடைத்தான். குழாய் போன்ற ஓட்டுக்குள் நாக்கை விட்டு இழுத்தான். கோப்பிக் கடையில் கேட்ட அதே சத்தம்.

"லோகா, நம்பர் எதுவும் வேணாம். வேகமா மெதுவா, அது மட்டும்."

"என்னாது வேகமா மெதுவா?" என்றாள் அம்மா.

"ஒரு புரதம் ஆன்டி. உங்க மக வச்சிருக்கா. சொல்ல மாட்டேங்கறா."

"புரதம்னா?"

"இந்தா, இந்த நண்டுச் சதை மாதிரி."

"இதுக்கா பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து காடி ஓட்டிட்டு வந்தீங்க? ஏண்டி, சொல்லித் தொலையேன்."

"சொல்லக் கூடாதும்மா. புரோஃப் சொல்லிருக்காங்க."

"புரோஃப் இங்கயா ஒக்காந்திருக்காங்க? வீடு தேடி வந்த மனுசன். ஒரு வார்த்தைதானே."

"பாருங்க ஆன்டி. அவ பேர மொதல்ல போட்டது நான். சிங்கப்பூர்ல அவ பேரச் சொன்னது நான். இவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண் மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. சந்தையில் டுரியான் பழத்தைத் தட்டிப் பார்க்கிறவன் காதைச் சாய்ப்பது போல அவன் தலையைச் சற்றுச் சாய்த்தான்.

"வேகமா?" என்றான். நிறுத்தினான். பார்த்தான்.

அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். அசையக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது. சின்ன வயதிலிருந்தே மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் பிறவி அவள். அது அவனுக்கும் தெரியும்.

அவன் நண்டின் முதுகோட்டைப் பிரித்தான். உள்ளே இருந்த மஞ்சள் கூழைக் கட்டை விரலால் தோண்டி வாயில் போட்டுக்கொண்டான். பாதி மீசையில் அப்பியது.

"மெதுவா?"

கேட்டபடியே நாக்கை நீட்டி மீசையைத் துழாவி நக்கினான். லோகேஸ்வரிக்குக் குமட்டல் தொண்டை வரை வந்தது. கண்ணை மூடி எச்சிலை விழுங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"போதும் லா," என்றான் ஜெயந்திரன் மெதுவாக. "தேங்க்ஸ்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லல. ஆன்டிதான் சாட்சி." அவன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். அம்மா புரியாமலே சிரித்தாள்.

சமையல் கட்டில் முகம் கழுவும்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் குமட்டியதை அவன் விடையாக எடுத்துக்கொண்டான். மெதுவா என்ற சொல்லுக்கு முகம் மாறியது என்று கணக்குப் போட்டுவிட்டான். கூடத்துக்கு ஓடிப்போய், இல்லை அண்ணே, நீங்க நெனச்சது தப்பு என்று சொல்லலாம். ஆனால் இருப்பது இரண்டே பதில். ஒன்று தப்பு என்றால் மற்றது தானாகவே தெரிந்துவிடும். குழாயைத் திறந்து விட்டபடியே நின்றாள். கூடத்தில் அவன் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் போனதும் எச்சில் ஓடுகளை அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். கடித்துத் துப்பியவை மேசை விரிப்பில் ஒட்டிக் கிடந்தன.

"நல்ல பையன்," என்றாள் அம்மா. "மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறியே. நாளைக்கு ஒனக்கு வேலையில ஒரு ஒதவி வேணும்னா யாரு செய்வா?"

"அவரு சாப்புடறதப் பாத்தா எனக்கு வாந்தி வருதும்மா."

"ஆம்பள சாப்புடறதயெல்லாம் உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தா எந்தப் பொம்பளைக்கும் வாந்திதான் வரும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெயந்திரன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். திரையில் தன் வளைவைப் போட்டான். பெரிய சரிவு இல்லாமல் சோம்பலாக இறங்கும் வளைவு.

"மெதுவா மடியும்," என்றான். அதற்குக் காரணமும் சொன்னான். மாற்றுமுன் அங்கே இருந்த மணி பக்கத்து மணிகளை இழுத்துப் பிடித்திருந்தது. இப்போது பிடி விட்டுப்போனது. மடிவதற்கு ஏற வேண்டிய மேடு உயர்ந்துவிட்டது. இரண்டு படங்கள் போட்டான். இடையில் சிவப்பு நீலமாக ஒரு சங்கிலி மேட்டில் ஏற முடியாமல் திணறுவதை ஓடவிட்டான். கேட்கக் கேட்க லோகேஸ்வரிக்கே அது உண்மையாகத் தோன்றியது. தான் அளந்ததில் மறுபடி ஏதாவது கோளாறு இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு விழுங்கலைப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் இவ்வளவு காரணம் கட்ட முடியும் என்றால், இதுவரை அவன் சொன்ன காரணங்களெல்லாம் என்ன?

"இப்ப நீ காட்டு பிள்ளை," என்றார் பேராசிரியர்.

அவள் காட்டினாள். வளைவு செங்குத்தாக விழுந்தது. புது யூரியா, மூன்று தனித்தனி ஊறல், மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன.

ஜெயந்திரன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இல்ல, இது... நீ நேத்து..."

நிறுத்தினான்.

"நேற்றோ?" என்றார் பேராசிரியர்.

அவன் வாய் திறந்தபடி இருந்தது. லோகேஸ்வரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் எரிந்தது.

"சொல்லு ஜெயன். என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல புரோஃப்."

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எவ்வளவு ஊகித்தார் என்று லோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவர் மேலும் கேட்கவுமில்லை. அந்தக் கேட்காமையும் அவளுக்குக் கசந்தது.

அதற்குள் ஜெயந்திரன் மடிக்கணினியை இழுத்து விறுவிறுவென்று தட்டத் தொடங்கியிருந்தான். "ஒரு நிமிசம் புரோஃப். அந்த எடத்துல இழுப்பு கொஞ்சம் அதிகமா வச்சிட்டேன். இப்ப பாருங்க." திரையில் அதே சிவப்பு நீலச் சங்கிலி மேட்டைத் தாவிக் குதித்து இறங்கியது. வேகமாக. "பிடி விட்டுப்போனதுனால சங்கிலிக்கு சுதந்திரம் கெடச்சிருச்சு. அதான் வேகம். யோசிச்சா ஞாயமாத்தான் இருக்கு."

அதே குரல். அதே நிதானம்.

பேராசிரியர் தன் கணினியில் கட்டுரையைத் திறந்தார். கடைசி வரியைத் தேடி எடுத்து அழித்தார். அதற்கு முந்தைய பத்தியில் பாதியும் அதோடு போனது. மிஞ்சியதை மேலிருந்து கீழ் வரை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இப்ப இதில என்ன மிச்சம் இருக்கு பிள்ளை?"

"புரதம் மடியுது புரோஃப். நடுவுல நிக்காம மடியுது."

"அதை ஆர் காசு குடுத்துப் படிப்பினம்?" சலிப்போடு சொன்னார். "சின்னச் சஞ்சிகை ஒண்டுக்கு அனுப்புவம். வேற வழியில்லை."

லோகேஸ்வரி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இன்னொரு வரி சேக்கணும் புரோஃப். மொதல்ல காட்டுன தங்கல் பழைய யூரியாவால வந்தது. சூடு பண்ணுனது, ஊற வச்சது நான்தான்னு."

"பைத்தியமா லா?" என்றான் ஜெயந்திரன். "அத யாரு கேட்டா? எடுத்துட்டோம், முடிஞ்சிச்சு."

"சிங்கப்பூர்ல காட்டிட்டோமே. யாராச்சும் அந்தத் தங்கலத் தேடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"ஒன் பேருக்குக் கீழயே ஒன் அசிங்கத்த எழுதப் போறியா?"

பேராசிரியரின் முகமும் சுளித்தது. தன் ஆய்வுக்கூடத்தில் யூரியாவைக் கெடுத்தார்கள் என்று உலகம் படிக்கப்போகிறது என்பதை நினைத்திருப்பார். விசைப்பலகையை மேசை மேல் தள்ளிவிட்டார். அது லோகேஸ்வரியின் முன்னால் வந்து நின்றது.

அவள் தட்டினாள். விடுமுறைக்கு முன் கரைத்தது, சூடாக்கியது, அதிலேயே புரதத்தை ஊறவைத்துவிட்டுப் போனது, எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் எழுதினாள். முடித்துவிட்டு முதல் சொல்லிலிருந்து படித்தாள். உடம்பு கூசியது. பக்கத்தை மேலே நகர்த்திப் பெயர்கள் இருக்கும் இடத்துக்குப் போனாள். முதலில் இருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு, விசைப்பலகையைத் திருப்பித் தள்ளினாள்.